அம்மாவின் போனும் மகனின் மோடமும்

1990-களில் போன் இருந்த வீடுகளில் இரவு 11 மணி தூங்கும் நேரம் அல்ல. எஸ்.டி.டி. கட்டணம் கால் பங்காக இறங்கும் நேரம். கும்பகோணத்திலும் பாளையங்கோட்டையிலும் மஞ்சள் போர்டு மாட்டிய பூத்துகளின் வாசலில் கூட்டம் சேரும். டெல்லி கரோல் பாகிலோ பம்பாய் மாட்டுங்காவிலோ ஜாம்ஷெட்பூர் குவார்ட்டர்ஸிலோ, ஹாலில் போனுக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு அம்மா உட்கார்ந்திருப்பார். ஊரிலிருந்து தம்பி பேசுவான். அப்பாவுக்குச் சர்க்கரை எவ்வளவு, தங்கை பெண்ணுக்கு வரன் திகைந்ததா என்ற செய்தியெல்லாம் மூன்றே நிமிடத்தில் வந்து சேரும்.

அதே 11 மணிக்குத்தான் உள்ளறையில் என்ஜினீயரிங் படிக்கும் மகன் மோடத்தின் ஸ்விட்சைப் போடுவான். பகலெல்லாம் முட்டி மோதினாலும் கிடைக்காத இன்டர்நெட் லைன் அந்த நேரத்தில் கொஞ்சம் இளகும். அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறான். பதில் ஈ-மெயிலில் வரவேண்டும். வீட்டில் இருப்பதோ ஒரே லைன். பல வருடம் பதிவு செய்து காத்திருந்து வாங்கியது. அக்கம்பக்கத்தில் நாலு குடும்பம் அதே எண்ணை ‘பி.பி.’ என்று போட்டு உறவினர்களுக்குக் கொடுத்திருக்கும்.

இரண்டு செம்புக் கம்பிகளுக்காக நடந்த இந்தப் பங்காளிச் சண்டையில் சமரசம் பேசியவை ‘ஏடி’ என்று தொடங்கும் சில எழுத்துகள்.

விதேஷ் சஞ்சார் நிகாம் 1995 ஆகஸ்ட் 15 அன்று இன்டர்நெட்டைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. அப்போது வீட்டு இணைப்பின் வேகம் நொடிக்கு 9,600 பிட். பத்து லட்சம் எழுத்து கொண்ட ஒரு கோப்பு இறங்க 17 நிமிடம் பிடிக்கும். மாணவர்களுக்குக் கிடைத்தது ‘ஷெல்’ கணக்கு. படம் கிடையாது, வண்ணம் கிடையாது. கறுப்புத் திரையில் எழுத்து மட்டும். ஆனாலும் கடிதம் போட்டுப் பதினைந்து நாள் காத்திருந்தவனுக்கு அது மாயாஜாலமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வெளியே இருந்த தடைகளைப் பற்றிப் பத்திரிகைகள் நிறைய எழுதின. வீட்டுக்குள் இருந்த தடையைப் பற்றி யாரும் எழுதவில்லை: இன்டர்நெட் வந்தது மனிதர்கள் பேசுவதற்காகப் போடப்பட்ட கம்பியில்.

அந்தக் கம்பியில் ஓர் இயந்திரம் நுழைய வேண்டுமானால் முதலில் மனிதனைப் போல நடக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். ரிசீவரை எடுக்க வேண்டும், டயல் டோன் வருகிறதா என்று காது கொடுக்க வேண்டும், எண்ணைச் சுழற்ற வேண்டும், எதிர்முனையில் எடுக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும், முடிந்ததும் வைக்க வேண்டும். பழைய மோடம்களுக்கு இதில் பெரும்பகுதி தெரியாது. மனிதனே டயல் செய்து, எதிர்முனையில் விசில் கேட்டதும் ரிசீவரை இரண்டு ரப்பர் குழிகளில் பொருத்திவைக்க வேண்டியிருந்தது. 1981-ல் அமெரிக்காவில் டென்னிஸ் ஹேஸும் டேல் ஹெதரிங்டனும் கொண்டுவந்த ‘ஸ்மார்ட்மோடம்’ இந்த வேலைகளில் பெரும்பகுதியைத் தானே செய்தது. கம்ப்யூட்டர் அதற்குச் சில எழுத்துகளில் உத்தரவு கொடுத்தால் போதும். ஒவ்வொரு உத்தரவும் ‘ஏடி’ என்று தொடங்கும். ‘அட்டென்ஷன்’ என்பதன் சுருக்கம். அந்த இரண்டு எழுத்தின் துடிப்பிலிருந்தே கம்ப்யூட்டர் எந்த வேகத்தில் பேசுகிறது என்பதை மோடம் கண்டுகொள்ளும். அதன் பிறகு வரும் ‘டி’ டயல் செய். அதற்கடுத்த ‘டி’ டோன் முறையில் செய். (தமிழில் எழுதினால் இரண்டும் ‘டி’தான். ஆங்கிலத்தில் வேறு வேறு எழுத்து.) கடைசி ‘டி’க்குப் பதில் ‘பி’ போட்டால் பல்ஸ் முறை.

இந்தியாவில் அந்த ‘பி’ ரொம்பக் காலம் தேவைப்பட்டது. பழைய மின்-இயந்திர எக்ஸ்சேஞ்சுகளுக்கு டோன் புரியாது. லைனை நொடிக்குப் பத்து முறை துண்டித்துத் துண்டித்துத்தான் எண்ணைச் சொல்ல வேண்டும். ஒன்பதுக்கு ஒன்பது துண்டிப்பு, பூஜ்யத்துக்குப் பத்து. அறைக் கதவைச் சாத்தினாலும் மோடத்துக்குள் ரிலே டிக்டிக்கென்று அடிப்பது கேட்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. போன் பில்லுக்குப் பயந்த அப்பாக்கள் சுழலும் டயலின் துளையில் சின்னப் பூட்டு ஒன்றைப் போட்டு வைத்தார்கள். சாவி அவர்களுடைய பூணூலிலோ பர்ஸிலோ இருக்கும். மோடத்துக்கு டயலே தேவையில்லையே. அது நேராகச் சுவரிலிருந்த கம்பியோடு பேசியது. பூட்டு பூட்டியபடியே இருக்க, மீட்டர் ஓடியது. இரண்டு மாதம் கழித்து பில் வந்தபோது டெலிபோன் இலாகாவைத் திட்டிய அப்பாக்கள் எத்தனை பேரோ.

அடுத்து வந்த எலெக்ட்ரானிக் எக்ஸ்சேஞ்சுகள் அப்பாக்களுக்கு இன்னும் வலுவான பூட்டைக் கொடுத்தன. ரகசிய எண்ணை டயல் செய்தால் எஸ்.டி.டி. எக்ஸ்சேஞ்சிலேயே பூட்டிக்கொள்ளும். இன்டர்நெட் மையம் இல்லாத ஊரில் இருந்தவர்கள் பக்கத்துப் பெருநகரத்துக்கு எஸ்.டி.டி. போட்டுத்தான் இணைய வேண்டியிருந்த காலம் அது. ஆகவே மகனுக்கு அந்த ரகசிய எண் வேண்டும். அப்பா சொல்லிவிட்டாலும் சிக்கல் தீராது. எண்ணை டயல் செய்ததும் எக்ஸ்சேஞ்ச் அதை ஏற்றுக்கொண்டதாகச் சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரம் எடுக்கும். மனிதன் கேட்டுக்கொண்டிருப்பான், மோடம் கேட்காது, அடுத்த எண்ணுக்குத் தாவும். அதற்குத்தான் கமா. டயல் வரிசையில் ஒரு கமா போட்டால் மோடம் இரண்டு நொடி சும்மா இருக்கும். மூன்று கமா போட்டால் ஆறு நொடி. அலுவலகத்தில் வெளி லைனுக்குப் பூஜ்யம் சுழற்றியவர்களுக்கும் இதே கமாதான் கைகொடுத்தது. எழுத்து இலக்கணத்தில் மூச்சு விடுவதற்கு என்று வைத்த குறி இங்கேயும் அதே வேலையைத்தான் பார்த்தது. ஆனால் அப்பா நம்பிச் சொன்ன ரகசிய எண், கமாக்களோடு சேர்ந்து கம்ப்யூட்டரில் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி கிடந்தது. அதைப் பற்றி யாரும் அப்போது கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

டயல் டோனும் தகராறு செய்தது. அமெரிக்காவின் டயல் டோன் 350, 440 ஹெர்ட்ஸ் என்ற இரண்டு சுரங்கள் சேர்ந்தது. இந்தியாவில் 400 ஹெர்ட்ஸ்; அதன் மேல் 25 ஹெர்ட்ஸ் அதிர்வு. அந்தக் கரகரப்பு அப்படித்தான் வந்தது. அமெரிக்கச் சுரத்துக்குப் பழகிய மோடம்களில் சில இதைக் காதில் வாங்கிவிட்டு, ‘டயல் டோன் இல்லை’ என்று திரையில் அறிவித்துவிட்டுப் படுத்துக்கொள்ளும். பக்கத்தில் ரிசீவரை எடுத்தால் டோன் காது கிழியும். தெரிந்தவர்கள் ‘எக்ஸ்3’ என்று ஓர் உத்தரவைச் சேர்த்தார்கள். டோனுக்காகக் காத்திராதே, இரண்டு நொடி பொறுத்துக் கண்ணை மூடிக்கொண்டு டயல் செய் என்று அர்த்தம். கடைக்காரரோ மோடத்தில் கோளாறு என்று புதிதாக ஒன்றை விற்றிருப்பார்.

இதெல்லாம் இயந்திரத்துக்கும் எக்ஸ்சேஞ்சுக்கும் நடுவே நடந்தது. மனிதர்கள் குறுக்கே வந்தால்தான் வில்லங்கம்.

பல வீடுகளில் ஹாலில் ஒரு போன், படுக்கையறையில் அதற்கு இணையாக இன்னொன்று. மகன் இணைப்பில் இருப்பது தெரியாமல் அம்மா ரிசீவரை எடுப்பார். உள்ளறையில் திரை முழுக்கக் கிறுக்கல் எழுத்துகள் கொட்டும். சில சமயம் இணைப்பே அறுந்துவிடும். “டேய், போனுக்குள்ள என்னடா மழை பெய்யுது?” என்று ஹாலிலிருந்து குரல் வரும். “அம்மா, கீழ வைம்மா!” என்று இவன் அலறுவான். இந்த ஆபத்தை எந்த ஏடி உத்தரவாலும் தடுக்க முடியவில்லை. ரிசீவர் மேல் ஒரு காகிதத்தை ஒட்டி, ‘எடுக்காதே’ என்று எழுதி வைப்பதுதான் கண்ட வழி.

எதிர்த்திசையிலும் விபத்துகள் நடந்தன. ‘எஸ்0’ என்ற இடத்தில் பூஜ்யத்தைத் தவிர வேறு எண் இருந்துவிட்டால், அத்தனை மணி அடித்ததும் மோடம் தானாகவே போனை எடுத்துவிடும். ஃபேக்ஸ் வாங்குவதற்காகச் செய்த ஏற்பாடு அது. மறந்துபோய் அப்படியே விட்ட வீடுகளுக்குப் போன் போட்ட பெரியம்மாக்களின் காதில் 2,100 ஹெர்ட்ஸில் ஒரு நீண்ட ஊளை விழுந்தது. மகன் வீட்டில் என்னவோ ஏதோ என்று அவர்கள் பதறியதில் நியாயம் உண்டு.

ஸ்பீக்கர் விவகாரம் இதைவிடக் கொஞ்சம் நுட்பமானது. மோடம் இணைப்புப் போடும்போது எழுப்பும் அந்தக் கூச்சல் யாருக்கும் பிடிக்காது. நடுராத்திரியில் வீட்டையே எழுப்பும். ‘ஏடிஎம்0’ என்று சொன்னால் வாயை மூடிக்கொள்ளும். நிறையப் பேர் அதைத்தான் செய்தார்கள். ஆனால் எண்ணில் ஓர் இலக்கம் தப்பாகப் பதிந்திருந்தால்? மோடம் யாரோ ஒருவர் வீட்டுக்குப் போன் போடும். அங்கே தூக்கத்திலிருந்து எழுந்து வந்து, “ஹலோ, ஹலோ” என்று கத்துவார்கள். இந்தப் பக்கம் பதில் சொல்ல ஆள் இல்லை. இணைப்புக் கிடைக்கவில்லை என்று மோடம் முடிவு கட்டி, ஒரு நிமிடம் கழித்து அதே எண்ணுக்கு மறுபடியும் போடும். பிறகு மறுபடியும். கம்ப்யூட்டருக்குச் சலிப்பு ஏது? நடுராத்திரியில் வரும் போன் என்றாலே சாவுச் செய்தி என்று நினைத்த காலம். மோடத்தை உருவாக்கியவர்கள் இணைப்புக் கிடைக்கும்வரை ஸ்பீக்கர் ஒலிக்கும்படி வைத்தது காரணத்தோடுதான். அந்தக் கூச்சலுக்கு நடுவே ஒரு மனிதக் குரல் கேட்டால் உடனே வைத்துவிடலாம். அந்த ஒலியைப் பழைய நினைவாகப் போற்றுகிறவர்கள் இன்று உண்டு. அது ஒரு மரியாதை என்பதை அவர்களிலும் பலர் கவனித்ததில்லை.

எல்லாவற்றிலும் பெரிய பகை கால் வெயிட்டிங்.

எலெக்ட்ரானிக் எக்ஸ்சேஞ்ச் தந்த வசதிகளில் நடுத்தரக் குடும்பங்கள் ஆசைப்பட்டு வாங்கியது அது. ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் கூப்பிட்டால் காதில் ‘பீப்’ என்று ஒரு சத்தம். மனிதக் காதுக்கு அது ஓர் இருமல் மாதிரி, பேச்சு அறுவதில்லை. மோடத்துக்கோ அந்த ஒரு கணத்தில் எதிர்முனையின் ஒலி காணாமல் போகிறது. ஆள் போய்விட்டான் என்று முடிவு செய்து லைனை வைத்துவிடும். ஒன்றே முக்கால் மணி நேரமாக இறங்கிக்கொண்டிருந்த கோப்பு, கும்பகோணத்து மாமாவின் ஒரு ‘பீப்’பில் போகும். அதன் பிறகு முதலிலிருந்து.

அமெரிக்கர்களுக்கு இதில் சுலபமான வழி இருந்தது. *70 என்று டயல் செய்து, ஒரு கமா போட்டு, பிறகு எண்ணைப் போட்டால் அந்த ஓர் அழைப்புக்கு மட்டும் கால் வெயிட்டிங் தூங்கும். அழைப்பு முடிந்ததும் தானாக விழித்துக்கொள்ளும். இங்கே வசதியை நீக்க ஓர் எண், மறுபடி பதிய வேறோர் எண் என்று இருந்தது. அதுவும் எக்ஸ்சேஞ்சின் வகையைப் பொறுத்து மாறியது. கெட்டிக்காரப் பையன்கள் இதற்கும் வழி கண்டார்கள். எண்ணுக்குப் பின்னால் ஓர் அரைப்புள்ளி போட்டால் மோடம் டயல் செய்துவிட்டு அடுத்த உத்தரவுக்குத் தயாராக நிற்கும். முதலில் நீக்கும் எண்ணும் அரைப்புள்ளியும். பிறகு ‘ஏடிஎச்’ சொல்லி லைனை வை. பிறகு இன்டர்நெட் எண். வேலை முடிந்ததும் கால் வெயிட்டிங்கை மறுபடி பதியும் எண். நான்கு வரியில் முடிந்துவிடும். ஆனால் நான்காவது வரி பெரும்பாலும் ஓடவில்லை. இணைப்பு பாதியில் அறுந்திருக்கும், அல்லது மின்சாரம் போயிருக்கும், அல்லது பையன் தூங்கிப்போயிருப்பான். அம்மா மாதாமாதம் பணம் கட்டும் கால் வெயிட்டிங் எப்போது வீட்டை விட்டுப் போனது என்று அம்மாவுக்கே தெரியாது.

வேறொரு வழியும் இருந்தது. ‘எஸ்10’ என்ற இடத்தில் ஓர் எண் இருக்கும். எதிர்முனை ஒலி போனபின் எவ்வளவு நேரம் பொறுத்து லைனை வைப்பது என்ற கணக்கு, நொடியில் பத்தில் ஒரு பங்காக. பெரும்பாலான மோடம்களில் அது 14. அதாவது ஒன்றரை நொடிக்கும் குறைவு. அதை 50 ஆக்கினால் மோடம் ஐந்து நொடி தாக்குப்பிடிக்கும். ‘பீப்’ வந்து போகும். இணைப்பு தப்பிக்கும். இது வெற்றி என்றுதான் பையன்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

கும்பகோணத்து பூத்தில் நிற்கும் மாமாவுக்கு அப்போது என்ன கேட்டது என்று யாரும் யோசிக்கவில்லை. கால் வெயிட்டிங் இருக்கும் லைனுக்குப் போன் போட்டால் பல எக்ஸ்சேஞ்சுகளில் எங்கேஜ்டு டோன் வராது. மணி அடிப்பதுதான் கேட்கும். அவர் காதில் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. டெல்லி வீட்டு ஹாலிலோ சத்தமே இல்லை. அம்மா போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ராத்திரி 11 மணிக்கு வீட்டில் ஒருவரும் எடுக்கவில்லை என்றால் எங்கே போனார்கள்? ஆஸ்பத்திரிக்கா? பூத்துக்காரர் அடுத்த ஆளைக் கூப்பிடுவார். மாமா மூன்றாவது தடவை முயற்சி செய்துவிட்டுக் கவலையோடு வீட்டுக்கு நடப்பார். அப்பாவின் சர்க்கரைச் செய்தி அடுத்த ராத்திரிக்குத் தள்ளிப்போகும்.

கால் வெயிட்டிங்கை ஒரேயடியாக நீக்கிவிட்டிருந்தால் அவருக்கு எங்கேஜ்டு டோன் கேட்டிருக்கும். எங்கேஜ்டு டோனை யாரும் புகழ்ந்து பேசுவதில்லை. ஆனால் அது உண்மை பேசும். ‘வீட்டில் ஆள் இருக்கிறது, யாரோ பேசுகிறார்கள், கொஞ்சம் பொறு’ என்று சொல்லும். கேட்டவருக்கு எரிச்சல் வரும், பயம் வராது. இணைப்பையும் காப்பாற்றி, கூப்பிடுகிறவரையும் கௌரவமாக நடத்துவதற்கு அன்று கையில் இருந்த நல்ல வழி அதுதான். திரையில் பார்த்தால் எஸ்10-ல் ஓர் எண்ணை மாற்றுவதும் கால் வெயிட்டிங்கை நீக்குவதும் ஒரே மாதிரித் தெரியும், இரண்டும் அரை வரிதான். போனின் மறுமுனையிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றல்ல.

மகனையும் முழுக்கக் குற்றம் சொல்ல முடியாது. அம்மா கும்பகோணத்துக் குரலுக்காகக் காத்திருந்தார். அவன் அமெரிக்கப் பதிலுக்காகக் காத்திருந்தான். இருவரும் வெளியூர்ச் செய்திக்காகத்தான் ஒரே கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். பதில் வந்து, விசா கிடைத்து, அவன் போயும் சேர்ந்தான். அப்படிப் போனவர்கள் ஆயிரக்கணக்கில். ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கிருந்து கார்டு போட்டுக் கூப்பிடுவார்கள். இப்போது மோடத்தின் முன்னால் உட்கார்ந்திருப்பது தங்கை. “அண்ணா கூப்பிடற நேரம், நெட்டை எடு” என்று அம்மா சொல்ல, “அவனுக்குத்தாம்மா மெயில் போட்டுக்கிட்டிருக்கேன்” என்பாள் அவள்.

2000-ல் வந்த வி.92 என்ற தரம் இதற்கு ஒரு தீர்வு வைத்திருந்தது. கால் வெயிட்டிங் ஒலி கேட்டால் மோடம் எதிர்முனையிடம் அனுமதி வாங்கி இணைப்பை நிறுத்தி வைக்கும். போன் பேசி முடித்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் வீட்டு மோடம் மட்டும் போதாது, இணைப்பு தரும் நிறுவனத்தின் கருவியும் ஒத்துழைக்க வேண்டும். அது பரவுவதற்குள் காலம் நகர்ந்துவிட்டது. 2005-ல் அரசுத் தொலைபேசி நிறுவனங்கள் அதே செம்புக் கம்பியில் பிராட்பேண்டைக் கொண்டுவந்தன. பேச்சு கீழ் அலைவரிசையில், இன்டர்நெட் மேலே. நடுவில் தீப்பெட்டி அளவில் ஒரு பிரிப்பான். அத்தனை வருடச் சண்டையை அந்தச் சின்னப் பெட்டி தீர்த்து வைத்தது. அதற்குச் சில வருடம் கழித்து லேண்ட்லைனையே பல வீடுகள் ஒப்படைத்துவிட்டன.

ஹேஸ் கம்பெனி 1990-களின் முடிவில் திவாலாகிக் கலைந்தது. அமெரிக்காவில் ஏ.ஓ.எல். தன் டயல்-அப் சேவையை 2025 செப்டம்பர் 30 அன்று நிறுத்தியது. ஏடி உத்தரவுகள் மட்டும் போகவில்லை. மொபைல் போன் தரங்களை வகுத்தவர்கள் அவற்றை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். சிம் கார்டு போடும் சின்ன மாட்யூல்கள் இன்றும் ‘ஏடி’ என்றால் ‘ஓகே’ என்கின்றன. எண்ணுக்குப் பின்னால் போடும் அந்த அரைப்புள்ளிகூட இருக்கிறது. இப்போது அதற்கு அர்த்தம், இது குரல் அழைப்பு.

கிணற்றுமேட்டு மோட்டார் கொட்டகைகளில் அப்படிப்பட்ட மாட்யூல் ஒன்று ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது. மும்முனை மின்சாரம் ராத்திரி இரண்டு மணிக்கு வந்தால் விவசாயி எழுந்து வயலுக்கு நடப்பதில்லை. கட்டிலில் படுத்தபடியே மிஸ்டு கால் கொடுக்கிறார். உள்ளே மாட்யூல் ‘ரிங்’ என்று சொல்கிறது, கூப்பிடும் எண்ணைப் படிக்கிறது, ‘ஏடிஎச்’ என்றதும் வைத்துவிடுகிறது. மோட்டார் ஓடத் தொடங்குகிறது.